மூலத்தைத் தொடாமல் நகல் எடுப்பது: இழப்பில்லா இசைக் கோப்புகளை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஃபிளாக் (FLAC), அலாக் (ALAC) இரண்டும் ஒலியை இழப்பில்லாமல் சுருக்கி வைக்கும் கோப்பு வடிவங்கள், வேவ் (WAV) சுருக்காத வடிவம். ஃபிளாக்கை அலாக் ஆக்கலாம், அலாக்கை வேவ் ஆக்கலாம், அந்த வேவைத் திரும்பவும் ஃபிளாக் ஆக்கலாம். சுற்றி வந்து சேரும்போது ஒலியில் ஒரு பிட்கூட மாறியிருக்காது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை, கூட்டிக் கழித்துப் பார்த்துவிடக்கூடிய கணக்கு.

அப்படியிருந்தும் மாற்றி முடித்த தொகுப்புகளைத் திறந்து பார்த்தால் 24 பிட் பதிவு 16 பிட்டாகக் குறுகிக் கிடக்கும். அலாக் இருக்க வேண்டிய கோப்பில், இழப்போடு சுருக்கும் ஏஏசி (AAC) உட்கார்ந்திருக்கும். பாடலாசிரியர் பெயர் போன இடம் தெரியாது. பாட்டின் நடுவே ஒரு நொடி காணாமல் போயிருக்கும், ஆனால் கோப்பைச் சோதித்தால் 'எல்லாம் சரி' என்று வரும். வடிவங்களின் மேல் இதில் எந்தக் குற்றமும் இல்லை. மாற்றும் மென்பொருளின் இயல்பு அமைப்புகள், ஏற்கெனவே பழுதான மூலம், டேக்குகள் (கோப்புக்குள் எழுதியிருக்கும் தலைப்பு, கலைஞர் போன்ற விவரங்கள்) ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி, எல்லாம் முடிந்ததென்று மூலத்தை அழித்துவிடும் அவசரம் ஆகிய நான்கு இடங்களில்தான் கோளாறு நடக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை காதுக்குத் தெரியாது. அதனால் கேட்டுப் பார்த்து முடிவு செய்வது பயன்படாது, எண்ணை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

எதை மூலமாக வைத்துக்கொள்வது

ஃபிளாக்கை மூலமாக வைத்துக்கொள்வதுதான் நல்லது. கோப்பு அளவைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியில், சுருக்குவதற்கு முன்பிருந்த ஒலியின் எம்டி5 எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) பதிவாகியிருக்கும். அதோடு ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒலியின் ஒவ்வொரு சிறு துண்டுக்கும், தனியாக ஒரு சிஆர்சி என்ற சோதனை எண் உண்டு. பத்து வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் கோப்பே தன்னைத்தான் சோதித்து, 'இங்கே கெட்டுப் போயிருக்கிறேன்' என்று சொல்லிவிடும். அலாக்கிலும் வேவிலும், ஆப்பிளின் சுருக்காத வடிவமான ஏஐஎஃப்எஃப்பிலும் இப்படி முழு ஒலிக்குமான எண் கிடையாது. அவற்றை மட்டும் வைத்திருப்பவர் செக்சம் (இதுபோன்ற சோதனை எண்) பட்டியலைத் தனியே எழுதிப் பாதுகாக்க வேண்டும்.

ஃபிளாக் 2001-இல் 1.0 பதிப்பாக வெளிவந்தது. 2024 டிசம்பரில் அதன் இலக்கணம் ஆர்எஃப்சி 9639 என்ற எண்ணில் இணையத் தரநிலையாகவும் வந்துவிட்டது. ஆப்பிள் 2004-இல் கொண்டுவந்த அலாக்கும் 2011 முதல் திறந்த மூலம்தான். ஆக, இரண்டுமே நாளைக்குத் திறக்க முடியாமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஆப்பிளின் மியூசிக் செயலி தன் நூலகத்தில் ஃபிளாக்கைச் சேர்த்துக்கொள்ளாது என்பதால்தான் பலருக்கும் அலாக் நகல் தேவைப்படுகிறது. பழைய பிளேயர்கள் சிலவற்றுக்கு வேவ் மட்டுமே தெரியும். இந்த இரண்டும் இல்லையென்றால் மாற்றவே வேண்டாம், அப்படியே வைத்துக் கேளுங்கள்.

ஃபிளாக்கின் 0 முதல் 8 வரையிலான சுருக்க நிலைகளைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. எல்லா நிலையிலும் ஒலி ஒன்றேதான். இயல்பு நிலை 5. அதிலிருந்து 8-க்குப் போனால் மிச்சமாகும் இடம் அற்பம், என்கோட் செய்யத்தான் (சுருக்கி எழுதத்தான்) கூடுதல் நேரம் பிடிக்கும். புதிதாக என்கோட் செய்யும்போது 8 வைத்துக்கொள்ளலாம். இருக்கும் தொகுப்பு முழுவதையும் 8-க்காகத் திரும்பச் சுருக்குவது வீண் வேலை, மூலத்தைத் தேவையில்லாமல் தொடுவதும்கூட.

ஃபோல்டர் அமைப்பு

மூலத்துக்கு ஒரு ஃபோல்டர் மரம், நகலுக்கு வேறொரு ஃபோல்டர் மரம். முடிந்தால் வேறு டிஸ்க். ஒரே ஃபோல்டரில் ஃபிளாக்கும் அலாக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிளேயரின் நூலகத்தில் ஒவ்வொரு பாட்டும் இரண்டு முறை வரும். அதைச் சரிசெய்யக் கிளம்பி, கைதவறி மூலத்தை அழிப்பதுதான் அடுத்து நடப்பது.

இரண்டு மரங்களின் உள் அமைப்பும் ஒன்றாகவே இருக்கட்டும். நகலில் கோப்பின் பின்னொட்டு மட்டும் மாறும். அப்போதுதான் எது மாற்றப்பட்டது, எது பாக்கி என்று ஒரு ஸ்கிரிப்ட் தானாகக் கண்டுபிடிக்க முடியும்.

மூல மரத்தை, மாற்றும் வேலை நடக்கும்வரையாவது படிக்க மட்டும் அனுமதி உள்ளதாக்கிவிடுங்கள். லினக்ஸில் அந்த டிஸ்க்கையே படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்யலாம். ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால்கூட, மூலம் அழிவதற்குப் பதிலாகப் பிழைச் செய்தி வரும். ஃபிளாக் கட்டளையில் என்கோட் முடிந்ததும் உள்ளீட்டுக் கோப்பை அழிக்கும் ஒரு தேர்வு (ஆப்ஷன்) உண்டு. அது இருக்கிறது என்பதையே மறந்துவிடுவது உத்தமம்.

அம்பு எப்போதும் ஒரு திசையில்தான் போக வேண்டும்: மூலத்திலிருந்து நகலுக்கு. டேக்கில் எழுத்துப் பிழை இருந்தால் மூலத்தில் திருத்துங்கள், நகலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். நகலில் திருத்தினால் இரண்டு மரங்களும் மெல்ல மெல்லப் பிரிந்து போகும், ஒரு கட்டத்தில் எது சரியானது என்று யாருக்கும் தெரியாது.

மாற்றுவதற்கு முன் மூலத்தைச் சோதிப்பது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஃபிளாக் கட்டளையின் சோதனைத் தேர்வு கோப்பு முழுவதையும் டிகோட் செய்து (விரித்து), கிடைக்கும் ஒலியின் எம்டி5-ஐத் தலைப்பகுதியில் இருப்பதோடு ஒப்பிடும். வெளியே எதையும் எழுதாது. தொகுப்பு முழுவதுக்கும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

ஏன் கட்டாயம் என்றால், எஃப்எஃப்எம்பெக் (கட்டளை வரியில் ஓடும் மாற்றும் மென்பொருள்) பழுதான ஃபிரேமைச் சந்தித்தால் திரையில் ஒரு எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு அடுத்த ஃபிரேமுக்குப் போய்விடும். வேலையும் பெரும்பாலும் வெற்றி என்றே முடியும். நூறு ஆல்பம் ஓடும் திரையில் அந்த ஒற்றை வரியை யார் பார்க்கப் போகிறார்கள்? அப்படிப் பழுதான ஃபிளாக்கை இன்னொரு ஃபிளாக்காக மாற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். குறைபட்ட ஒலிக்கு ஒரு புதிய, செல்லுபடியாகும் எம்டி5 எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எந்தச் சோதனையும் அந்தப் பழுதைக் காட்டாது. ஃபிளாக்கின் சொந்த மென்பொருள் அப்படிச் செய்வதில்லை, பிழை வந்தால் நின்றுவிடும். எஃப்எஃப்எம்பெக்கிலும் பிழை வந்தால் நிறுத்தும் தேர்வு உண்டு, ஆனால் அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

சில கோப்புகளில் எம்டி5 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்ஜியங்கள் இருக்கும். அதற்காக அவற்றைப் பழுது என்று சொல்லிவிட முடியாது. என்கோட் செய்த மென்பொருள் அந்த எண்ணை எழுதாமல் விட்டிருக்கலாம், அல்லது என்கோட் பாதியில் நின்றிருக்கலாம். இரண்டாவதுதான் ஆபத்து. பாதியில் நின்ற ஃபிளாக் திறக்கும், பாடும், திடீரென்று முடிந்துவிடும். மொத்த சாம்பிள் (ஒலியை அளந்து எழுதிய ஒற்றை எண்) எண்ணிக்கையும் பூஜ்ஜியமாக இருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும் என்று சந்தேகிக்கலாம். பாட்டின் நீளத்தை வேறு எங்காவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபிளாக்கிலிருந்து அலாக்

எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு ஃபிளாக்கை உள்ளீடாகக் கொடுத்து, வெளியீட்டுப் பெயரை .எம்4ஏ என்று மட்டும் கொடுத்தால் கிடைப்பது அலாக் இல்லை, ஏஏசி. அந்தப் பின்னொட்டுக்கு அதன் இயல்பு கோடெக் (ஒலியை எழுதும் முறை) அதுதான். எந்த எச்சரிக்கையும் வராது, கோப்பும் நன்றாகப் பாடும். அலாக்கும் ஏஏசியும் ஒரே பின்னொட்டைப் பகிர்ந்துகொள்வதால் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆடியோ கோடெக் அலாக் என்று கட்டளையில் எழுதித்தான் ஆக வேண்டும். அளவைப் பார்த்தும் ஓரளவு தெரியும். சிடி தரத்தில் சுருக்காத ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி. இழப்பில்லாச் சுருக்கத்துக்குப் பிறகு வழக்கமான பாடல்கள் அதில் பாதிக்கு மேல்தான் நிற்கும். நான்கு நிமிடப் பாட்டு 8 எம்பிக்கு வந்து நின்றால் திறந்து பாருங்கள்.

வேவுக்கு மாற்றும்போது இதே கதை வேறு வேடத்தில் வரும். எஃப்எஃப்எம்பெக்கில் வேவின் இயல்பு 16 பிட். 24 பிட் ஃபிளாக்கைக் கொடுத்து எதுவும் சொல்லாமல் விட்டால் கீழே உள்ள 8 பிட்டை வெட்டிவிட்டு 16 பிட் வேவ் எழுதித் தரும். 24 பிட் பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று கோடெக்கைக் குறிப்பிட வேண்டும். இதற்காக, மாற்றத் தொடங்கும் முன் எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோபில் ஒவ்வொரு மூலத்தின் பிட் ஆழத்தையும் (ஒரு சாம்பிளுக்கு எத்தனை பிட்) சாம்பிள் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை சாம்பிள்) எடுத்து ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான தொகுப்புகள் 16-உம் 24-உம் கலந்துதான் இருக்கும். ஒரே கட்டளையை எல்லாவற்றுக்கும் ஓட்டுவது அங்கேதான் காலை வாரும்.

வேவின் இன்னொரு எல்லை 4 ஜிபி. கோப்பின் அளவை எழுத அந்த வடிவத்தில் 32 பிட் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். சிடி தரத்தில் ஆறே முக்கால் மணி நேரம் வரை தாங்கும் என்பதால் கவலையில்லை. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதுமே முட்டும். நீண்ட கச்சேரிப் பதிவுகளை வேவாக்குபவர்கள் அந்த எல்லை இல்லாத வேவ் வகையான ஆர்எஃப்64 பயன்படுத்தலாம். அல்லது, இதற்குத்தானே ஃபிளாக் இருக்கிறது, அதிலேயே விட்டுவிடலாம்.

ஃபிளாக்கில் உள்ள அட்டைப் படமும் தொல்லை தரும். எஃப்எஃப்எம்பெக் அதை ஒரு வீடியோ ஓடையாகப் பார்க்கிறது. எம்4ஏ-க்குப் போகும்போது அதை வீடியோவாக என்கோட் செய்யப் பார்க்கும், சில சமயம் பிழையோடு நிற்கும். வீடியோ கோடெக்கை 'காப்பி' என்று கொடுத்துவிட்டால் படம் படமாகவே போய்ச் சேரும்.

வரைகலை மென்பொருள் விரும்புபவர்களுக்கு விண்டோஸில் ஃபூபார்2000, மேக்கில் எக்ஸ்எல்டி இரண்டும் நம்பகமானவை. டேக்குகளை எஃப்எஃப்எம்பெக்கைவிட இவை நன்றாகக் கொண்டுபோகின்றன. ஃபூபாரின் கன்வர்ட்டர் அமைப்பில் நான்கு இடங்களைப் பாருங்கள்: டிதர் (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) வேண்டாம் என்று இருக்க வேண்டும், பிட் ஆழம் 'ஆட்டோ', டிஎஸ்பி (ஒலியை மாற்றும் விளைவுகள்) பட்டியல் காலி, ரீப்ளேகெயின் (பாடல்களின் சத்த அளவைச் சமப்படுத்துவது) செயலாக்கம் இல்லை. ரீப்ளேகெயின் டேக்காக இருப்பது வேறு, மாற்றும்போது ஒலியிலேயே அதைப் பூசிவிடுவது வேறு. பூசிவிட்டால் ஒவ்வொரு சாம்பிளின் மதிப்பும் மாறிவிடும். பிறகு அது இழப்பில்லா வடிவத்தில் இருக்கும் வேறொரு ஒலி.

நூற்றுக்கணக்கில் மாற்றும்போது

ஒரு கோப்பில் சரியாக ஓடும் கட்டளை, லூப்புக்குள் போனதும் விசித்திரமாக நடந்துகொள்ளும். பட்டியலை வரி வரியாகப் படிக்கும் ஷெல் லூப்பில் எஃப்எஃப்எம்பெக்கைப் போட்டால், அது தன் விசைப்பலகை உள்ளீட்டுக்காகக் காத்திருப்பதாக நினைத்து அந்தப் பட்டியலையே கடித்துத் தின்னும். விளைவாகச் சில கோப்புகள் விட்டுப்போகும், சில பெயர்களின் முதல் எழுத்துகள் வெட்டுப்பட்டு 'கோப்பு இல்லை' என்று வரும். உள்ளீடு படிக்க வேண்டாம் என்ற தேர்வு ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்தால் தீர்ந்தது. இதைத் தெரியாமல் ஸ்கிரிப்டில் பிழை தேடி மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இருக்கும் கோப்பின் மேல் எழுத வேண்டாம் என்ற தேர்வும் கட்டாயம். ஆனால் அது தனியாக ஒரு சிக்கலைக் கொண்டுவரும். மின்சாரம் போய் வேலை பாதியில் நின்றால், பாதி எழுதிய கோப்பு அங்கேயே கிடக்கும். அடுத்த முறை ஓட்டும்போது 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று தாண்டிப் போய்விடும். எம்4ஏ-யாக இருந்தால் பாதிக் கோப்பு திறக்கவே திறக்காது, அதன் உள்ளடக்கக் குறிப்பு கடைசியில்தான் எழுதப்படுகிறது. அதாவது பிழை உடனே தெரிந்துவிடும். ஃபிளாக்கும் வேவும் அப்படிக் காட்டிக்கொடுக்காது. இதற்குத் தீர்வு, முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, கட்டளை வெற்றியாக முடிந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுவது. தற்காலிகப் பெயரின் பின்னொட்டு வேறாக இருந்தால் வெளியீட்டு வடிவத்தையும் தனியே குறிப்பிட வேண்டியிருக்கும்.

ஒரே நேரத்தில் பல கோப்புகளை மாற்றலாம், பிராசஸரின் கோர் எண்ணிக்கை அளவுக்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு மேல் போனால் படிமுனை அங்குமிங்கும் ஓடி வேகம் குறையத்தான் செய்யும்.

சரிபார்ப்பு

நகலின் ஒலியும் மூலத்தின் ஒலியும் ஒன்றா என்று பார்க்கக் கோப்பின் செக்சம் உதவாது. கோப்பு வேறு, உறை வேறு, டேக் வேறு. இரண்டையும் டிகோட் செய்து, உள்ளே இருக்கும் பிசிஎம் ஒலிக்கு எம்டி5 எடுத்து ஒப்பிட வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கிலேயே எம்டி5 என்று ஒரு வெளியீட்டு வடிவம் இருக்கிறது. ஒலி ஓடையை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்கு அனுப்பினால் 32 இலக்க எண் வரும்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு, மற்றவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமானது. அந்த எம்டி5 வெளியீட்டின் இயல்பும் 16 பிட்தான். 24 பிட் மூலத்திலிருந்து தவறுதலாக 16 பிட் நகல் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும்போது மூலமும் 16 பிட்டாக வெட்டப்படும், நகல் ஏற்கெனவே அப்படி வெட்டப்பட்டதுதான். இரண்டு எண்களும் அச்சாகப் பொருந்திவிடும். சரிபார்ப்பே பொய் சாட்சி சொல்லும். அதனால் எம்டி5 எடுக்கும்போதும் கோடெக்கைக் குறிப்பிடுங்கள்: 24 பிட் மூலத்துக்கு 24 பிட் லிட்டில் எண்டியன் பிசிஎம், 16-க்கு 16.

சரியாக எடுத்தால் ஒரு வசதி கூடவே கிடைக்கும். ஃபிளாக் தன் தலைப்பகுதியில் வைத்திருக்கும் எண்ணும் இதே முறையில் கணக்கிட்டதுதான். ஆகவே மூலத்தை டிகோட் செய்யத் தேவையில்லை. மெட்டாஃபிளாக் கட்டளையால் அதில் பதிந்திருக்கும் எம்டி5-ஐ நொடியில் படித்து, அலாக் நகலை டிகோட் செய்து வந்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும். மூலத்தின் சோதனை ஏற்கெனவே தேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஃபூபார் பயன்படுத்துபவர்களுக்கு பைனரி கம்பாரேட்டர் என்ற துணைக்கருவி இருக்கிறது. இரண்டு பாடல்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் சாம்பிள் சாம்பிளாக ஒப்பிட்டு முடிவு சொல்லும், எங்கே வேறுபாடு தொடங்குகிறது என்பது உட்பட.

மூல மரத்துக்கு இரண்டு வகை எண் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்தே புரியும். ஒலிக்கான எம்டி5, டேக்கை எத்தனை முறை திருத்தினாலும் மாறாது. கோப்பு முழுவதுக்குமான ஷா256 (எம்டி5 போன்ற இன்னொரு செக்சம்), ஒரு எழுத்தைத் திருத்தினாலும் மாறிவிடும். முன்னது நகலைச் சரிபார்க்க, பின்னது பேக்கப்பைச் சரிபார்க்க.

டேக்குகள்

ஒலி பத்திரமாகப் போய்விடும், விவரம்தான் வழியில் சிதறும். ஃபிளாக்கில் இருப்பது வோர்பிஸ் கமென்ட் என்ற டேக் முறை. எந்தப் பெயரில் வேண்டுமானாலும் புலம் வைக்கலாம், ஒரே புலத்தை எத்தனை முறையும் எழுதலாம். இரண்டு பாடகர்கள் என்றால் இரண்டு 'ஆர்ட்டிஸ்ட்' வரிகள். எம்4ஏ-யில் தலைப்பு, கலைஞர், ஆல்பம், இசையமைப்பாளர் போன்ற சிலவற்றுக்கு நிலையான பெட்டிகள் உண்டு. மற்றவற்றுக்குத் தனி அமைப்பு, அதை எழுதத் தெரிந்த மென்பொருள் வேண்டும்.

எஃப்எஃப்எம்பெக்கில் மாற்றினால் இரண்டு பாடகர்கள் அரைப்புள்ளி போட்டு ஒரே பெயராக ஒட்டிக்கொள்வார்கள். பாடலாசிரியர், நடத்துநர், வெளியீட்டு நிறுவனம், ரீப்ளேகெயின், மியூசிக்பிரெய்ன்ஸ் (இணைய இசைத் தரவுத்தளம்) எண்கள் எல்லாம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். மொத்தப் பாடல் எண்ணிக்கையைத் தனிப் புலமாக வைத்திருந்தால் அதுவும் போகும், பாடல் எண் மட்டும் மிஞ்சும். ஆகவே எஃப்எஃப்எம்பெக்கை ஒலிக்கு மட்டும் நம்பி, டேக்கை வேறு கருவியால் ஏற்றுவது புத்திசாலித்தனம். டேக் திருத்தும் மென்பொருளான எம்பி3டேக்கில் மூல ஆல்பத்தின் பாடல்களைத் தேர்ந்து டேக்கைக் காப்பி செய்து, நகல் ஆல்பத்தில் அதே வரிசையில் ஒட்டலாம். வரிசை மாறினால் பெயர்கள் இடம் மாறிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு பைத்தானில் மியூட்டாஜென் இருக்கிறது.

தமிழ்த் தலைப்பு வைப்பவர்களுக்குத் தனியாகச் சில. வோர்பிஸ் கமென்ட் முழுக்க யூடிஎஃப்-8 (எல்லா மொழிகளுக்குமான எழுத்துக் குறியாக்கம்), எம்4ஏ-யும் அப்படியே, அதனால் இவற்றில் தமிழுக்குச் சிக்கல் வராது. வேவின் பழைய 'இன்ஃபோ' பகுதிக்கு எந்த எழுத்துக் குறியாக்கம் என்ற வரையறையே கிடையாது. தமிழ் எழுதினால் ஒரு பிளேயரில் சரியாகவும் இன்னொன்றில் கேள்விக்குறிகளாகவும் வரும். வேவை விவரக் கிடங்காக நம்பாமல் இருப்பதே மேல்.

கோப்புப் பெயரிலும் தமிழ் சோதிக்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'கொ' என்பது ஒரு எழுத்தாகத் தெரிந்தாலும் இரண்டு குறியீடு, ஆறு பைட். எண், கலைஞர், தலைப்பு, ஆல்பம் என்று எல்லாவற்றையும் தமிழில் பெயருக்குள் அடுக்கினால் எண்பத்தைந்து குறியீட்டோடு கதை முடிந்துவிடும். அதே 'கொ'வை மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸோ பெயரை வெறும் பைட் வரிசையாகப் பார்ப்பதால் இரண்டு வேறு கோப்புகள் என்று எடுத்துக்கொள்ளும். ஒத்திசைக்கும் கருவி ஆல்பம் முழுவதையும் இன்னொரு முறை நகலெடுத்து வைக்கும். இரட்டைக் கோப்புகள் பார்த்தால் ஒகர, ஓகார, ஔகாரப் பெயர்களில் மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள், காரணம் அதுதான்.

இழப்பில்லா வேலை என்று தோன்றி, அப்படி இல்லாதவை

32 பிட் ஃபுளோட் வேவ் (ஒலி மதிப்புகளைத் தசம எண்களாக எழுதுவது). பதிவுக் கருவிகளும் எடிட்டிங் மென்பொருள்களும் இதைத் தரும். ஃபிளாக் முழு எண்ணை மட்டுமே கையாளும். ஃபுளோட்டை அதில் போட்டால் எங்காவது ஒரு படியில் முழு எண்ணாக மாற்றியாக வேண்டும், உச்ச அளவைத் தாண்டிய இடங்கள் நறுக்கப்படும். அப்படியே சுருக்க வேண்டுமென்றால் வேவ்பேக் அதற்குச் சரியான வடிவம், ஃபுளோட்டை உள்ளபடியே காப்பாற்றும்.

டிஎஸ்டி. நொடிக்கு 28,22,400 ஒற்றை பிட்டுகளாக இருக்கும் ஒலியை ஃபிளாக்காக்கும்போது வடிகட்டி, சாம்பிள் ரேட் மாற்றிப் பிசிஎம் ஆக்குகிறோம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் திரும்ப வழி கிடையாது. டிஎஸ்டி ஒலி இருக்கும் டிஎஸ்எஃப் கோப்பை வைத்துக்கொண்டு ஃபிளாக்கை நகலாக மட்டும் நடத்துங்கள். இடம் மிச்சப்பட வேண்டுமென்றால் இதற்கும் வேவ்பேக்கின் 5-ஆம் பதிப்பு முதல் வழி இருக்கிறது.

96-ஐ 48 ஆக்குவது, 24-ஐ 16 ஆக்குவது. போகும் இடம் ஃபிளாக்காக இருந்தாலும் இது இழப்புள்ள வேலைதான். காரில் உள்ள பிளேயர் அதற்கு மேல் ஏற்காது என்றால் நகலில் தாராளமாகச் செய்யலாம், 16-க்கு இறக்கும்போது டிதர் போடுங்கள். அந்த நகல் மரத்துக்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள், மூலத்தோடு ஒப்பிடப் போய்க் குழம்ப வேண்டாம்.

எம்பி3-ஐ ஃபிளாக் ஆக்குவதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, கோப்புதான் பருக்கும்.

ஒரே பெரிய ஏப் (APE, இன்னொரு இழப்பில்லா வடிவம்) கோப்பும், பாடல்கள் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் கியூ தாளுமாகக் கிடக்கும் பழைய ஆல்பங்களைப் பிரிப்பது இழப்பில்லாமல் செய்யக்கூடியதே. சிடியில் நொடிக்கு 75 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் 588 சாம்பிள், கியூ தாளின் நேரக் குறிப்பும் அதே அலகில்தான் இருக்கும். கியூடூல்ஸ் இந்த எல்லையிலேயே துல்லியமாக வெட்டும். வெட்டிய துண்டுகளை வரிசையாகச் சேர்த்தால் பழைய முழுக் கோப்பின் எம்டி5 வர வேண்டும். வரவில்லையென்றால் கடைசித் துண்டின் முடிவில் வெற்று சாம்பிள் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கியூ தாளையும் ரிப் செய்த (சிடியிலிருந்து படித்தெடுத்த) லாகையும் மூலத்தோடு சேர்த்தே வையுங்கள். முதல் பாட்டுக்கு முந்தைய இடைவெளி போன்ற சங்கதிகள் துண்டுகளில் தங்காது.

வேவ் மூலத்தை எப்போது அழிக்கலாம்

வேவ் தொகுப்பை ஃபிளாக்காக்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஒலி ஒன்றுதான் என்பது சரி, ஆனால் வேவுக்குள் ஒலி மட்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பதிவு நேரம், குறிப்பான்கள், பிராட்காஸ்ட் வேவின் விவரப் பகுதி எல்லாம் இருக்கலாம். ஃபிளாக் இயல்பாக இவற்றைத் தூக்கிப் போட்டுவிடும். அந்நிய மெட்டாடேட்டாவை வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தால் அவற்றையும் உள்ளே பத்திரப்படுத்தும்.

செய்யும் முறை இது. அந்தத் தேர்வோடும், எழுதும்போதே சரிபார்க்கும் கேபிடல் வி தேர்வோடும் என்கோட் செய்யுங்கள். பிறகு அதே மெட்டாடேட்டா தேர்வோடு ஃபிளாக்கை ஒரு தற்காலிக வேவாகத் திரும்ப விரியுங்கள். பழைய வேவின் ஷா256-உம் புதிய வேவின் ஷா256-உம் ஒன்றாக வந்தால், அந்த ஃபிளாக்கிலிருந்து பழைய கோப்பை முழுமையாக மீட்க முடியும் என்று அர்த்தம். இனி ஃபிளாக்கையே மூலமாகக் கொள்ளலாம். அது வேறொரு டிஸ்க்கில் பேக்கப்பாகவும் போய்ச் சேர்ந்து, அங்கும் சோதனை தேறிய பிறகு வேவை அழிக்கலாம். எண்கள் ஒத்துவராத கோப்புகளைத் தனியே ஒதுக்குங்கள். பெரும்பாலும் வேவின் தலைப்பகுதியில் அளவு தவறாக எழுதப்பட்டிருக்கும், அல்லது கோப்பின் வாலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஆராய நேரமில்லாவிட்டால் அந்தச் சிலவற்றை மட்டும் வேவாகவே விட்டுவையுங்கள், அவற்றின் ஷா256 பட்டியலோடு.